காணாமல் போன பை

ஒரே வரைபடத்தில் புள்ளிகளும் ஒரு கோடும். கிடை அச்சில் கேட் மின்னழுத்தம், செங்குத்து அச்சில் மின்கடத்தம். கறுப்புப் புள்ளிகள் ஆய்வகத்தில் அளந்தவை. அவற்றின்மேல் ஓடும் சிவப்புக் கோடு கணினி கணக்கிட்டது. கோடு புள்ளிகளைத் தொட்டபடியே போகிறது, நடுவிலுள்ள பள்ளத்தில் இறங்குகிறது, மறுபக்கம் ஏறுகிறது. படத்துக்குக் கீழே ‘நல்ல பொருத்தம்’ என்று ஒரு வரி. கிராஃபீன் பற்றிய ஆய்வுக்கட்டுரைகளில் இப்படியான படங்கள் ஏராளம். இவற்றைப் பார்த்தால் நிம்மதிதான் வர வேண்டும். ஆனால் அந்தப் பள்ளத்தின் அடியில், கடத்தம் மிகக் குறைந்துபோகும் அந்த ஒரே புள்ளியில், இருபது ஆண்டுகளாக நடந்து வருவதைத் தெரிந்துகொண்ட பிறகு நிம்மதி அவ்வளவு எளிதில் வருவதில்லை. பொருந்துகிறது, சரி, எது எதனோடு பொருந்துகிறது? சிவப்புக் கோடு பேசும் பொருளும் கறுப்புப் புள்ளி பேசும் பொருளும் ஒன்றுதானா? கோடும் புள்ளியும் விலகி நிற்கும்போது இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள், மாதிரியைக் குடைகிறார்கள், சமன்பாட்டைக் குடைகிறார்கள். பொருந்திவிட்டால் கேள்வி அடங்கிவிடுகிறது. எனக்கு உறுத்துவது அந்த அடங்கல்தான். விலகலை விசாரிக்கும் அதே கண்டிப்போடு பொருத்தத்தையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. கிராஃபீனில் அதற்கான காரணங்கள் வேறெங்கையும்விடத் தெளிவாகக் கிடைக்கின்றன.

கரியணுக்கள் அறுகோணங்களாகக் கோத்து நிற்கும், ஓர் அணுவளவே தடிமனுள்ள தாள் கிராஃபீன். அதில் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்ளும் என்ற கணக்கைக் கனடாவில் வாலஸ் 1947-லேயே போட்டுவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது கிராஃபைட். ஒற்றைத் தாள் அந்தக் கணக்கின் வழியில் வந்துபோன ஓர் இடைநிலை. தாள் கைக்குக் கிடைத்தது மான்செஸ்டரில். ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டீன் நோவசெலோவும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து, அதில் மின்னோட்டம் செலுத்தி அளந்ததை 2004-இல் வெளியிட்டார்கள். இடைப்பட்ட 57 ஆண்டுகள் கணக்கு இருந்தது, அளக்கப் பொருள் இல்லை. வாலஸின் கணக்கில் இரண்டு ஆற்றல் பட்டைகளும் கூம்புகளின் நுனிகள்போலப் புள்ளியளவில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. டிராக் புள்ளி எனப்படும் அந்த இடத்தில் மின்னோட்டத்தைச் சுமக்க எலெக்ட்ரானும் இல்லை, எலெக்ட்ரான் விட்டுப்போன காலியிடமாகிய துளையும் இல்லை. இருந்தும் கடத்துத்திறன் சுழியாகாது என்று பின்னால் வந்த கோட்பாட்டாளர்கள் காட்டினார்கள். எலெக்ட்ரானின் மின்னூட்டத்தின் வர்க்கத்தைப் பிளாங்க் மாறிலியால் வகுத்தால் கடத்தத்தின் குவாண்டம் அலகு கிடைக்கும். அது சுமார் 38.7 மைக்ரோசீமன்ஸ், மின்தடையாகச் சொன்னால் 25,813 ஓம். இந்த அலகில் நான்கைப் பையால் வகுத்த மடங்கு, அதாவது ஏறத்தாழ 1.27, கிராஃபீனின் குறைந்தபட்சக் கடத்துத்திறன் என்றது கணக்கு. 2005 நவம்பரில் மான்செஸ்டர் குழு நேச்சர் இதழில் வெளியிட்ட அளவீடுகளோ, மாதிரிக்கு மாதிரி பெரிதாக மாறாமல், 4 என்ற எண்ணைச் சுற்றியே நின்றன. ஒரு சதுரத் தாளுக்கு 20,300 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 6,450 ஓம். வித்தியாசம் பை மடங்கு. துறைக்குள் இதற்குக் காணாமல் போன பை என்றே பெயர் விழுந்துவிட்டது.

மூன்று மடங்குக்கு மேல் பிசகு என்றால் பொதுவாக யாரும் அதை மர்மம் என்று சொல்ல மாட்டார்கள். தொடுமுனை சரியில்லை, மாதிரி அழுக்கு என்று எதன் தலையிலாவது கட்டிவிட்டுப் போவார்கள். இங்கே மர்மம் பிறந்தது அந்த விகிதம் அழகாக அமைந்துவிட்டதால். 3.14 மடங்கு என்றதும், எங்கோ ஒரு தொகையீட்டில் பை விட்டுப்போயிருக்கிறது, கோட்பாட்டாளர்தான் எதையோ கோட்டைவிட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. 3.7 மடங்கு என்று வந்திருந்தால் அழுக்கைத்தான் முதலில் சந்தேகித்திருப்பார்கள். முழு எண்ணுக்கு ஒரு வசியம் உண்டு. அதிலும் பல மாதிரிகள் சேர்ந்து ஒரே முழு எண்ணைச் சொன்னால் அது இயற்கையின் குரலாகவே கேட்கும். இரண்டே ஆண்டில் அந்தக் குரல் கலைந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிலிப் கிம்மின் குழு தரத்தில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட மாதிரிகளை அடுத்தடுத்து அளந்தபோது, அதே குறைந்தபட்சக் கடத்துத்திறன் 2 முதல் 12 வரை சிதறியது. அப்படியானால் முதல் மாதிரிகள் 4-ஐச் சுற்றி ஏன் நின்றன? எல்லாம் ஒரே முறையில் உரிக்கப்பட்டவை, ஒரேவகை சிலிக்கன் ஆக்சைடின்மேல் ஒட்டப்பட்டவை, ஆகவே ஏறக்குறைய ஒரே அளவு அழுக்கைச் சுமந்தவை என்பதுதான் எனக்குத் தெரிகிற நேர்மையான பதில். அளவீடுகள் தங்களுக்குள் ஒத்துப்போனது பொருளின் குணத்தால் அல்ல, செய்முறையின் குணத்தால். மீண்டும் மீண்டும் அளந்தும் அதே எண் வருகிறது என்பதை அறிவியலில் பெரிய சான்றாக வைத்துக்கொள்கிறோம். ஆனால் மீண்டும் செய்தவர்கள் எல்லோரும் ஒரே வழியில் செய்திருந்தால் அந்தச் சான்று பாதிக்கு மேல் வழியைப் பற்றியது.

அழுக்கு எப்படிக் கடத்தத்தைக் கூட்டும் என்பது முதல் பார்வையில் புரியாத சங்கதி. உலோகத்தில் மாசு சேர்ந்தால் தடை கூடும், அவ்வளவுதான். கிராஃபீனில், தாளுக்கு அடியிலுள்ள ஆக்சைடில் சிக்கிய மின்னூட்டங்கள் மேலே உள்ள எலெக்ட்ரான்களை இழுக்கவும் தள்ளவும் செய்கின்றன. மேடும் பள்ளமுமான களத்தில் மழைநீர் அங்கங்கே தேங்குவதுபோல, ஓரிடத்தில் எலெக்ட்ரான்கள் தேங்குகின்றன, அடுத்த இடத்தில் துளைகள். 2008-இல் ஹார்வர்டின் யாக்கோபியும் ஜெர்மானிய, இஸ்ரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து தாளின் பரப்பில் நுண்முனை ஒன்றை ஓட்டி இந்தக் குட்டைகளை நேரடியாகப் படமெடுத்துக் காட்டினார்கள். தாள் முழுக்கச் சராசரியாகப் பார்த்தால் மின்சுமைகள் சுழி. எந்த ஓர் இடத்தை எடுத்தாலும் சுழி இல்லை. டிராக் புள்ளி என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டப்படும் நிலையில் அந்த மாதிரி உண்மையில் ஒருபோதும் முழுமையாக நின்றதில்லை. கணக்கு காலியான தாளைப் பற்றியது, அளவீடு குட்டைகள் நிறைந்த தாளைப் பற்றியது. இரண்டையும் ஒரே அச்சில் குறித்தவுடன் இரண்டும் ஒரே பொருளாகிவிட்டன. அந்த ஒருமையை உண்டாக்கியது வரைபடத்தின் அச்சு. அதற்கு வேறு ஆதாரம் எதுவும் இல்லை.

அளந்த எண் என்பதையே கொஞ்சம் உரித்துப் பார்க்கலாம். 300 நானோமீட்டர் ஆக்சைடு பூசிய சிலிக்கன் துண்டு நுண்ணோக்கியில் ஊதாவாகத் தெரியும்; அதன்மேல் ஒற்றைத் தாள், கண்ணைச் சுருக்கினால் மட்டும் பிடிபடும் மெல்லிய நிழல். உலோகம் படிய வைத்துத் தொடுமுனைகள் அமைக்கிறார்கள், துண்டைத் திரவ ஹீலியத்தின் குளிரில் இறக்குகிறார்கள். கருவி காட்டுவது மின்னழுத்தமும் மின்னோட்டமும் மட்டுமே. கேட் மின்னழுத்தத்திலிருந்து எலெக்ட்ரான் அடர்த்திக்குப் போக, ஆக்சைடையும் தாளையும் ஒரு மின்தேக்கியாக எண்ணிக் கணக்குப் போடுகிறார்கள். மேற்சொன்ன தடிமனுக்கு ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 7,200 கோடி எலெக்ட்ரான்கள். கடத்தத்திலிருந்து கடத்துத்திறனுக்குப் போகத் தாளின் நீளத்தால் பெருக்கி அகலத்தால் வகுக்கிறார்கள். ஒழுங்கற்று உரிந்த துண்டுக்கு நீளம் எது, அகலம் எது என்பதே பாதி தீர்ப்பு. இரண்டு முனைகளால் அளந்தால் தொடுமுனைத் தடையைக் கழிக்க வேண்டும், அந்தத் தடை கேட் மின்னழுத்தத்தோடு மாறாது என்று வைத்துக்கொள்வதுதான் வழக்கம். தங்கமோ பிளாட்டினமோ அருகிலுள்ள கிராஃபீனில் துளைகளைச் சேர்க்கும், அலுமினியம் எலெக்ட்ரான்களைச் சேர்க்கும் என்று தெரிந்த பிறகும் அந்த அனுமானம் பல கட்டுரைகளில் தொடர்கிறது. இப்படி ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னக் கோட்பாடு உள்ளே நுழைந்துவிடுகிறது. அளவீட்டைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வேறு வழியில் அளக்க முடியாது. ஆனால் இந்தப் பக்கம் வெறும் கணக்கு, அந்தப் பக்கம் வெறும் உண்மை என்ற பிரிவினை மட்டும் நிற்காது.

இனிக் கணக்கின் பக்கம். கோட்பாடு 1.27 என்று ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டது போலப் பேசினேன். அதுவும் பாதி உண்மைதான். டிராக் புள்ளியை நெருங்கும்போது வெப்பநிலையைச் சுழியாக்குகிறோம், மின்புலத்தின் அதிர்வெண்ணைச் சுழியாக்குகிறோம், மாசைச் சுழியாக்குகிறோம். எதை முதலில் ஆக்குகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. ஒரு வரிசையில் போனால் நான்கின் கீழ் பை. இன்னொரு வரிசையில் பையின் பாதி, அதாவது 1.57. கிராஃபீன் கிடைப்பதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 1994-இல், லுட்விக்கும் கூட்டாளிகளும் குவாண்டம் ஹால் விளைவு பற்றிய ஒரு கட்டுரையில் இந்த வரிசைச் சிக்கலைக் கவனித்துவிட்டார்கள். பின்னர் சீக்லர், ஒரே சூத்திரத்திலிருந்தே வெவ்வேறு எண்கள் பிறப்பதை எடுத்துக்காட்டினார். தூய்மையான, குளிர்ந்த, அசைவற்ற கிராஃபீனின் கடத்துத்திறன் எவ்வளவு என்ற கேள்வி தெளிவானதாகத் தோன்றினாலும் அதற்கு ஒற்றை விடை கிடையாது. எந்தப் பாதையில் அந்தத் தூய்மையை நெருங்குகிறோம் என்று சொன்னால்தான் கேள்வியே முழுமையாகிறது. அளவீட்டிலும் இதே கதைதான். 2008-இல் மான்செஸ்டரில் தொங்கவிட்ட கிராஃபீன் தாளின் வழியே ஒளியைப் பாய்ச்சினார்கள். தாள் ஒளியில் 2.3 விழுக்காட்டை உறிஞ்சியது. அதிலிருந்து வரும் கடத்துத்திறன் பையின் பாதி, கோட்பாடு சொன்னபடியே. அதே பொருள்தான், குறைபாடுகளும் இல்லாமலில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றல் குட்டைகளின் மேடுபள்ளத்தைவிடப் பல மடங்கு பெரிது என்பதால் குட்டைகள் அங்கே கணக்கிலேயே வரவில்லை. ஒரே பொருளை ஒளியால் கேட்டால் கோட்பாட்டோடு ஒத்துப்போகிறது, கம்பியால் கேட்டால் ஒத்துப்போகவில்லை.

1.27 என்ற எண் பெரும்பாலும் தாளின் சொந்த எண்ணாகவே குறிப்பிடப்படுகிறது. 2006-இல் லெய்டனில் பீனாக்கரும் கூட்டாளிகளும், நைமேகனில் காட்ஸ்னெல்சனும், அதை வேறொரு வழியில் கணக்கிட்டார்கள். இயற்பியலாளர் லாண்டவரின் பார்வையில் கடத்தம் என்பது ஒரு முனையில் நுழையும் அலை மறுமுனையில் எவ்வளவு வெளியே வருகிறது என்பது. இருபுறமும் எலெக்ட்ரான்கள் செறிந்த தொடுமுனைகள், நடுவே மாசற்ற, காலியான கிராஃபீன். நடுவில் ஓடிச் செல்லும் அலை எதுவும் இல்லை. முனைகளிலிருந்து உள்ளே கசிந்து, தூரம் கூடக்கூடத் தேய்ந்துபோகும் அலைகள் மட்டுமே உண்டு. அகலம் நீளத்தைவிட மிகப் பெரிதாக இருந்தால் அந்தக் கசிவுகளின் கூட்டுத்தொகை சரியாக நான்கின் கீழ் பையைத் தருகிறது. குட்டையான, அகலமான தாளில்தான் அது வரும். நீண்ட, ஒடுங்கிய தாளில் வராது. மின்னோட்டத்தைத் தாங்குவது தொடுமுனைகளிலிருந்து வந்த அலைகள் என்னும்போது இது கிராஃபீனின் எண்ணா, தொடுமுனையின் எண்ணா? இரண்டும் சேர்ந்த அமைப்பின் எண் என்பதுதான் சரி. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் 2007-இல் சிறிய, அகலமான மாதிரிகளை அளந்தபோது எண் 1.27-ஐ நெருங்கியதும் இதனால்தான். அங்கே அழுக்கு விளைவு காட்டுவதற்குள் தாள் முடிந்துவிடுகிறது. கணக்கு ‘உறுதியானது’ என்று அப்போது எழுதினார்கள். கணக்கில் இருந்த அமைப்பை ஆய்வகத்தில் கட்டினார்கள், கட்டியது கணக்குப்படி நடந்தது. இது சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் மான்செஸ்டரின் 4 தவறு என்று அது நிரூபிக்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு தயாராக நிற்கிறது. அறிவியல் இப்படித்தான் நடக்கும், இதில் உறுத்த என்ன இருக்கிறது? முதல் கணக்கில் அழுக்கு இல்லை, விடை பிசகியது. அழுக்கைச் சேர்த்தார்கள், விடை சரியானது. மறுப்பு வலுவானது. அதற்குச் சாதகமான சான்றும் உண்டு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சங்கர் தாஸ் சர்மாவும் உடனிருந்தவர்களும் 2007-இல் முன்வைத்த கோட்பாட்டில் திருகுவதற்கு உண்மையில் ஒரே திருகுதான்: ஆக்சைடில் இருக்கும் மின்னூட்ட மாசுகளின் அடர்த்தி. எலெக்ட்ரான்களின் இயங்குதிறனை வைத்து அதை நிர்ணயித்துவிட்டால், குறைந்தபட்சக் கடத்துத்திறன் தானாக வந்து விழ வேண்டும். இரண்டாவது முறை திருக இடமில்லை. மிக அழுக்கான மாதிரிகளில் எண் 4-இல் ஏறக்குறைய நிலைத்துவிடும், தூய்மை கூடக்கூட 8 வரை ஏறும் என்று அது முன்கூட்டிச் சொன்னது. அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் வெற்றிடத்தில் வைத்த தாளின்மேல் பொட்டாசியம் அணுக்களைச் சிறுகச்சிறுகப் படியவிட்டு, மாசை வேண்டுமென்றே ஏற்றிக்கொண்டே அளந்து பார்த்தார்கள். மாசுக்கு எதிர்விகிதத்தில் இயங்குதிறன் விழுந்தது, வளைவின் பள்ளம் எதிர்பார்த்த பக்கம் நகர்ந்தது. இந்தப் பொருத்தத்தை மதிக்கிறேன். தோற்பதற்கான வாய்ப்பைத் தானே திறந்துவைத்து ஜெயித்த பொருத்தம் இது. எனது உறுத்தல் இதன் மீதல்ல. மாசின் அடர்த்திக்கு ஒரு திருகு, தாளிலிருந்து அதன் தூரத்துக்கு ஒரு திருகு, ஓரச் சிதைவுக்கு ஒன்று, தொடுமுனைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, வளைவின் ஒவ்வொரு நெளிவுக்கும் ஒன்றைத் திருகி வரும் பொருத்தங்களும் இதே ‘நல்ல பொருத்தம்’ என்ற சொற்களோடுதான் அச்சேறுகின்றன. படத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடிவதில்லை. சொல்லப்போனால் திருகுகள் மிகுந்த படம்தான் கூடுதலாக அழகாக இருக்கும்.

மேற்சொன்ன மறுப்பு இன்னொன்றையும் விழுங்கிவிடுகிறது: பொருந்திய கணக்கில் இருந்த எல்லாமே பொருத்தத்தால் உறுதியாகிவிடுவதில்லை. இதற்கு நான் அறிந்த மிகக் கூர்மையான சான்று 2015-இல் ரீகன்ஸ்பர்க் கோட்பாட்டாளர்களும் பாசல் ஆய்வகமும் சேர்ந்து செய்தது. ஒரு மைக்ரான் சதுரக் கிராஃபீனில் சுமார் 3.8 கோடி அணுக்கள். அத்தனையையும் கணினியில் ஏற்றுவது பெரும்பாடு. அவர்கள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். அணுக்களுக்கு இடையிலான தூரத்தைப் பல மடங்கு நீட்டு, ஓர் அணுவிலிருந்து அடுத்ததற்கு எலெக்ட்ரான் தாவும் ஆற்றலை அதே மடங்கு குறை. டிராக் புள்ளிக்கு அருகில் ஆற்றலின் கூம்பு வடிவம் மாறாமல் இருக்கும். அணு எண்ணிக்கை மளமளவென்று குறைந்துவிடும். இப்படி உலகில் எங்கும் இல்லாத ஒரு பெரிய வலையைக் கணக்கில் வைத்து, பாசலில் தொங்கவிட்ட மிகத் தூய தாளின் அளவீடுகளோடு ஒப்பிட்டார்கள். எலெக்ட்ரான் அலைகளின் குறுக்கீட்டுக் கோடுகள் முதல் காந்தப்புலத்தில் வரும் குவாண்டம் ஹால் நிலைவரை அச்சு அசலாகப் பொருந்தின. பொய்யான அணுக்களை வைத்துப் போட்ட கணக்கு மெய்யான தாளோடு பொருந்துகிறது என்றால், அந்தப் பொருத்தம் அணுக்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கூம்பைப் பற்றி மட்டும் சொல்கிறது. அந்த ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை, அதுதான் அவர்களுடைய கட்டுரையின் கருவே. ஆனால் இதே அளவு பொருத்தத்தை நிஜமான அணுத்தூரத்தோடு காட்டும் கட்டுரையை வாசிப்பவர், கரியணுக்களின் வலையே சோதனையில் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்வார். அணுக்களின் வரிசை உண்மையிலேயே பந்தயத்தில் இருந்த இடம் வேறு: ஒடுங்கிய நாடாக்கள். நாடாவின் ஓரம் எந்தத் திசையில் வெட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அது உலோகமா குறைகடத்தியா என்று எளிய கணக்கு சொன்னது. நுணுக்கமான கணக்குகள் அதையும் திருத்தின. 2007-இல் கிம்மின் குழு வெவ்வேறு திசைகளில் வெட்டிய நாடாக்களை அளந்தபோது ஆற்றல் இடைவெளி அகலத்துக்கு எதிர்விகிதமாக மாறியது, திசையை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. செதுக்கிய ஓரங்கள் அணு மட்டத்தில் பிய்ந்து கிடந்தன. கணக்கு பேசிய ஓரம் அங்கே இல்லை.

இரண்டாவது மறுப்பு பொறுமையைக் கேட்கிறது. மாதிரிகள் மேம்படட்டும், அழுக்கு நீங்கியதும் அளவீடு தன்னால் கணக்கிடம் வந்து சேரும். இதில் தூய்மை என்பது ஒரு முகவரி, எல்லாச் சாலைகளும் அங்கேதான் போகின்றன என்ற நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. நடந்தது அப்படி இல்லை. தாள் சுத்தமாக ஆக ஆக, சில காலம், எண் 1.27-ஐ நோக்கி இறங்காமல் மேலே ஏறியது. குட்டைகள் ஆழம் குறைவதைவிட எலெக்ட்ரான்களின் ஓட்டம் தாராளமாவது வேகமாக நடப்பதால். பிறகு போரான் நைட்ரைடு வந்தது. ஜப்பானில் சுகுபாவில் வாத்தனபேயும் தனிகுச்சியும் வளர்த்த அந்தப் படிகத்தின் வழவழப்பில் கிராஃபீனை வைத்தார்கள். 2011-இல் மான்செஸ்டர் குழு அந்தப் படிகத்தின் மெல்லிய அடுக்கால் பிரிக்கப்பட்ட இரண்டு கிராஃபீன் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு தாளில் எலெக்ட்ரான்களை நிரப்பி மற்றதன் குட்டைகளை மறைத்துவிட்டது. அப்போது டிராக் புள்ளியில் மின்தடை 25,813 ஓமைத் தாண்டி, குளிர்விக்கக் குளிர்விக்க ஏறிக்கொண்டே போனது. தாள் மின்கடத்தாப் பொருளாக மாறியது. 4-உம் இல்லை, 1.27-உம் இல்லை. சிதறிக் கிடந்த மிச்ச மாசில் எலெக்ட்ரான் அலைகள் சிக்கி நின்றுவிடும் நிலை இது, இதுவரை அதைத் தடுத்துக்கொண்டிருந்தவை குட்டைகளே என்று அவர்கள் விளக்கினார்கள். சீர்கேடு குறையும்போது கடத்தாமல் போவது பௌதிகத்தில் அபூர்வமான காட்சி. தொங்கவிட்ட தாள்களில் வேறொன்று தெரிந்தது: டிராக் புள்ளியை நெருங்க நெருங்க எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று உணர்வதால் அவற்றின் வேகம் வினாடிக்கு வழக்கமான 1,000 கிலோமீட்டரிலிருந்து 3,000 வரை ஏறியது, எளிய கணக்கில் அந்த வேகம் ஒரு மாறிலி. ஒரு திரை விலகினால் அடுத்த திரை.

மூன்றாவதாக ஒருவர் துல்லியத்தைக் காட்டி எதிர்வாதம் செய்யலாம். இதே கிராஃபீன் மின்தடையின் அளவுகோலாகவே பயன்படுகிறதே. சிலிக்கன் கார்பைடின்மேல் வளர்த்த தாளில் குவாண்டம் ஹால் மின்தடையை நூறு கோடியில் மூன்று பங்கு துல்லியத்தோடு சரிபார்த்ததாக 2010-இல் அறிவித்தார்களே, அங்கே கோட்பாடும் அளவும் இவ்வளவு நெருங்கும்போது இங்கே சந்தேகம் எதற்கு? ஆனால் அந்த எண் கிராஃபீனுடையது அல்ல. காலியம் ஆர்செனைடிலும் சிலிக்கனிலும் அதே அலகின் பின்னங்கள்தான் வருகின்றன. பொருள் எதுவாக இருந்தாலும் மாறாத எண் என்பதால்தான் அது அளவுகோலானது. 2019-இல் மின்னூட்டமும் பிளாங்க் மாறிலியும் வரையறையாலேயே நிலைநிறுத்தப்பட்ட பிறகு அந்த எண்ணும் வரையறையின் சொத்து. குவாண்டம் ஹால் மின்தடையின் வரைபடத்தில் வரும் தட்டையான படிகள் அகலமாகத் தெரிய மாதிரியில் கொஞ்சம் மாசு இருப்பதும் தேவைப்படுகிறது. துல்லியமான பொருத்தம் பொருளைப் பற்றி எவ்வளவு சொல்கிறது என்று பார்த்தால், இங்கே கிட்டத்தட்ட எதுவுமில்லை. பொருளின் ஒவ்வொரு அழுக்கையும் ஒவ்வொரு ஓரத்தையும் உணர்ந்து பை மடங்கு பிசகும் எண்ணில் அந்தத் தாளைப் பற்றிய செய்தி கூடுதலாக இருக்கிறது.

அப்படியென்றால் ஒப்பிட்டுப் பயனே இல்லையா என்று கேட்டால், உண்டு. ஆனால் ஒற்றை எண்ணை ஒற்றை எண்ணோடு வைத்துப் பார்ப்பதில் அதிகம் இல்லை, அந்த எண் எப்படி அசைகிறது என்று பார்ப்பதில்தான் இருக்கிறது. பீனாக்கரின் 2006 கணக்கு கடத்தத்தோடு நிற்கவில்லை, மின்னோட்டத்தின் இரைச்சலையும் கணக்கிட்டது. எலெக்ட்ரான்கள் துண்டுதுண்டாக வருவதால் எழும் அந்த இரைச்சல், மாசற்ற தாளின் டிராக் புள்ளியில், முழு அளவில் மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்பது ஏற்கெனவே தெரிந்த எண்தான். மாசு மலிந்த சாதாரண உலோகக் கம்பியிலும் இரைச்சல் அதே மூன்றில் ஒரு பங்கு என்று 1992-இல் காட்டியவர்களில் இதே பீனாக்கரும் ஒருவர். முற்றிலும் தூய தாளும் முற்றிலும் அழுக்கான கம்பியும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. இந்த ஒற்றுமையை 2006 கட்டுரையே எடுத்துச் சொல்லியிருந்தது. ஆகவே அளந்தவர் 0.33 என்று சொன்னால் மாதிரி எந்த ரகம் என்பதற்கு அது விடையே இல்லை. 2008-இல் இரண்டு ஆய்வகங்கள் அளந்தன. ஹார்வர்டின் ஒற்றைத் தாள்களில் 0.35-க்கும் 0.38-க்கும் இடையே ஓர் எண் வந்தது. கேட் மின்னழுத்தத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது பெரிதாக அசையவில்லை. ஹெல்சிங்கியில், நீளத்தைவிட அகலம் பல மடங்கு பெரிதான ஒரு தாளில், டிராக் புள்ளியில் மூன்றில் ஒரு பங்கு வந்தது; எலெக்ட்ரான்களைச் சேர்க்கச் சேர்க்க, தூய தாளுக்கான கணக்கு சொன்னபடி, அது கீழே இறங்கியது.